விருந்தாளியின் கூடு முதலில்

சலோமத்துக்கு வயது நாற்பத்தேழு. அதில் இருபத்தாறு வருடம் அவள் விரல்கள் வெந்நீரிலேயே கிடந்தன. ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் பட்டு ஆலையில் பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பெண்கள் இருநூறு பேர். கண்ணை மூடிக்கொண்டு கூட்டைத் தடவி இழையின் நுனியைப் பிடிக்கக்கூடியவள் அவர்களில் இவள் ஒருத்திதான் என்று பேச்சு. பேச்சில் பாதியாவது உண்மை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கூடத்திலிருந்து அவளை எழுப்பி, சோதனை அறையில் தனி வெந்நீர்த் தொட்டி கொடுத்து உட்காரவைத்திருக்க மாட்டார்கள்.

கை சுத்தம், வாயும் சுத்தம். ஒரே ஒரு பலவீனம் உபசாரம். ஒரு தடவை அவள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ரிப்பேர்காரன் வந்தான். அவனுக்கு ரொட்டி, திராட்சை, தேநீர், அதன்மேல் ஒரு தட்டு பிலாவ். சாப்பிட்டு முடித்தவன் குழாயைத் தவிர எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். "உன் சோத்துக்கு மயங்கினவன் ஸ்பானர எங்க தொடுவான்?" என்று அவள் கணவன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். குழாய் இன்றைக்கும் ஒழுகுகிறது.

அவளுக்கு ஒரு தங்கை, ரோபியா. பத்து வயது இளையவள். அம்மா போனபோது ரோபியாவுக்குப் பன்னிரண்டு வயது. வளர்த்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் சலோமத்தான். கட்டிக்கொடுத்தவன் கட்டட வேலைக்கு ரஷ்யா போனான். இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரோபியா எங்கள் ஆலையின் உலர்களத்தில் வேலை செய்தாள்.

களத்தில் மொத்தம் முப்பத்தொரு பெண்கள். ஜூன் மாதம் கிராமங்களிலிருந்து பச்சைக் கூடுகள் வந்து குவியும். உள்ளே இருக்கும் புழுவை ஆவியில் கொன்று, கூட்டை நாணல் தட்டுகளில் பரப்பி, நிழலில் வைத்து, நாளுக்கு நாலு தடவை கையால் புரட்டிப் புரட்டி இரண்டு மாதம் காயவைப்பார்கள். அந்தப் பெண்களின் கை படாத நூல் எங்கள் ஆலையில் கிடையாது. அந்த வேலை இல்லையென்றால் பருத்தி பொறுக்கப் போக வேண்டும், அதையும் விட்டால் புருஷன் போன வழியில் ரஷ்யாவுக்குத்தான்.

அந்த வருடம் அந்திஜானிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. இரண்டு மாதம் காய வேண்டிய கூட்டை ஒரே நாளில் சூட்டு அறையில் காயவைக்கிற மெஷின் அவர்களிடம் இருந்தது. ஆலை இயக்குநர் மனிதர் நிதானமானவர், எடுத்ததும் தலையாட்டவில்லை. அந்த ஜூன் விளைச்சலில் கொஞ்சம் கூட்டை அந்திஜானுக்கு அனுப்பி மெஷினில் காயவைக்கச் சொன்னார். மீதியைக் களத்தில் காயவைத்தார்கள். களத்துப் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "செப்டம்பர்ல ரெண்டையும் தொட்டியில போட்டுப் பாத்துருவோம். எதுல இழை குறைச்சலா அறுதோ அது நிக்கும். களத்துக்கூடு ஜெயிச்சா, நான் இருக்கற வரைக்கும் களத்துல கை வைக்க மாட்டேன்."

நூல் எடுத்துப் பார்க்க வேண்டியவள் சலோமத். வேறு யார்?

*

சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கத் தாஷ்கந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தில்னவோஸ். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, குச்சி போல உடம்பு, கையில் ஒரு கறுப்புப் பை. வந்தவளை உட்காரவைத்து சலோமத் மூன்று கிண்ணம் தேநீர் குடிக்கவைத்த பிறகே பேசவிட்டாள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கூடு இரண்டு வகை: களத்துக்கூடு, மெஷின்கூடு. ஊறவைக்கும் நேரம் இரண்டு வகை: குறைவு, அதிகம். நூலைச் சுற்றும் சக்கரத்தின் வேகம் இரண்டு வகை: மிதம், விரைவு. இதை அதோடு, அதை இதோடு என்று சேர்த்தால் எட்டு விதம் வரும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டினால் பதினாறு ஓட்டம். ஒரே நாளில், ஒரே தொட்டியில், ஒரே கையால் ஓட்டி, ஒவ்வொன்றிலும் இழை எத்தனை தடவை அறுந்தது என்று எழுதினால் போதும்.

"எட்டு களத்துக்கூட்ட ஓட்டிட்டு, அப்பறம் எட்டு மெஷின்கூட்ட ஓட்டறோம். முடிஞ்சுது ஜோலி" என்றார் மேஸ்திரி கோபில். சோதனை அறைக்கு அவர்தான் பொறுப்பு. அவசரக்காரர்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் அண்ணே. எது முன்னாடி எது பின்னாடின்னு சீட்டுப் போட்டு எடுக்கணும்" என்றாள் தில்னவோஸ்.

"சீட்டா? இதென்ன கல்யாண வீட்டுப் பந்தயமா?"

"நாள் போகப் போக ஏதாவது மாறிக்கிட்டே இருக்கும் அண்ணே. என்ன மாறும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாததுகூட மாறலாம். சீட்டுப் போட்டு கலந்துட்டா, அந்த மாத்தம் எதுவா இருந்தாலும் ஒரு பக்கமா சாயாம ரெண்டு கூட்டு மேலயும் பரவலா விழும்."

கோபில் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார். பதினாறு சீட்டுகளையும் அதில் போட்டுக் குலுக்கி, சலோமத்தையே எடுக்கச் சொன்னார்கள். களம், மெஷின், மெஷின், களம், களம், களம், மெஷின் என்று குளறுபடியாக வந்தது. தில்னவோஸ் அந்த வரிசையைக் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி எழுத ஒரு கட்டமும் வைத்து, சுவரில் ஒட்டினாள். "இதே வரிசை, அக்கா. மாத்திராதீங்க" என்றாள். சலோமத் தலையாட்டினாள். விருந்துக்கு அடுப்பில் வைத்த அரிசி குழைந்துவிடுமோ என்று அப்போது அவளுக்கு யோசனை.

சோதனையன்று கூடவே இருப்பதாகத்தான் தில்னவோஸ் சொல்லியிருந்தாள். ஆனால் தாஷ்கந்தில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, அன்றே ரயிலேறிப் போய்விட்டாள்.

*

சோதனையன்று காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மெஷின்கூட்டு மூட்டையோடு அந்திஜான் கம்பெனியிலிருந்து மமசோலி இறங்கினார். அறுபது வயது, வெள்ளைத் தாடி. விடிவதற்கு முன்பே புறப்பட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் தங்கை மகனுக்குக் கல்யாணம். தங்கள் கூடு தொட்டியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று வந்திருந்தார்.

கோபில் சுவரைப் பார்த்தார். முதல் சீட்டு களம். கடைசி மூன்று சீட்டும் மெஷின்.

"இந்த வரிசைல ஓட்டினா அவர் சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நிக்கணும். கல்யாண வீட்ட விட்டுட்டு வந்த மனுஷன நிக்கவச்சு, நம்ம வீட்டுச் சரக்க முன்னாடி ஓட்டுவாங்களா? வெளில சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

"அவரோடத மொதல்ல ஓட்டிருவோம் அண்ணே" என்றாள் சலோமத்.

மமசோலி காதில் இது விழுந்தது. "வேண்டாம்மா. பேப்பர்ல எப்படி இருக்கோ அப்படியே ஓட்டுங்க."

"அதெல்லாம் இல்ல. நீங்க விருந்தாளி."

"நெசமாத்தான் சொல்றேன், வேண்டாம்."

"உட்காருங்க, தேநீர் ஆறுது."

"எனக்காக ஒண்ணும் மாத்த வேண்டாம்மா."

எங்கள் ஊரில் விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்பார், நாலாவது தடவை வாங்கிக்கொள்வார். அதுதான் மரியாதை. நிஜமாகவே வேண்டாதவர் பாடு இங்கே திண்டாட்டம்தான். மமசோலி நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னார். அன்று அந்த அறையில் இருந்தவர்களிலேயே சரியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான், அதை யாரும் காதில் வாங்கவில்லை. நாலாவது தடவை அவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சலோமத்தின் மனதில் இன்னொன்றும் இருந்தது. களம் தங்கையின் களம். களத்துக்கூட்டை முதலில் ஓட்டினால், "அக்கா தங்கச்சிக்குச் சாய்ஞ்சுட்டா" என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா? விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்தால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. எல்லாம் அதே பதினாறு ஓட்டம்தானே, முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன?

பட்டியலில் மெஷின் என்று எழுதியிருந்த எட்டையும் பொறுக்கி, மதியத்துக்குள் ஓட்டி முடித்தாள். மமசோலி நன்றி சொல்லி, ஒரு முலாம்பழத்தைக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனார். எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு களத்துக்கூடு எட்டையும் எடுத்தாள்.

இழை அறுந்தது. சேர்த்தாள், மறுபடியும் அறுந்தது. தங்கையின் கைபட்ட கூடு என்று அவளுக்குத் தெரியும். "அறுந்துராதடா கண்ணா, அறுந்துராத" என்று கூட்டிடம் கெஞ்சினாள். ஆனால் ஒன்றைக்கூடக் குறைத்து எழுதவில்லை. சாயங்காலம் பார்த்தபோது மணி எழுதும் கட்டங்கள் காலியாக இருந்தன. காலியாக விட்டால் தாஷ்கந்துப் பெண் வருத்தப்படுமே என்று, பட்டியலில் இருந்த வரிசைப்படியே எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று அழகாக எழுதி நிரப்பினாள்.

*

மெஷின்கூட்டில் அறுந்தது நூற்றுநாலு தடவை. களத்துக்கூட்டில் இருநூற்று இருபத்துநாலு. தில்னவோஸ் தாஷ்கந்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை, உறுதியானது என்று எழுதி அனுப்பினாள். அவளுக்கு அனுப்பிய காகிதத்தில் எல்லாம் சீட்டு விழுந்த வரிசையில்தானே இருந்தது. இயக்குநர் மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டார். இந்தப் பருவத்தோடு களம் மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

அன்றே ரோபியா சோதனை அறைக்கு வந்தாள். அழவில்லை.

"நெசமாவா அக்கா? அவ்வளவா அறுந்துச்சு?"

"ஆமாடி. என் கையாலதான் சேத்தேன். என் கண்ணாலதான் பாத்தேன்."

"நீ பாத்தா சரிதான்" என்று சொல்லிவிட்டு ரோபியா போனாள். அவள் போய் மற்ற முப்பது பேரிடமும் அதையே சொன்னாள். அக்காவே பார்த்திருக்கிறாள் என்றதும் களத்தில் எழுந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

நாலு நாள் கழித்து, ஒருத்தி விடுப்பு எடுத்ததால், சலோமத்தைப் பெரிய கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். இழை அறுந்துகொண்டே இருந்தது. அலுத்துப்போய் உச்சுக்கொட்டினாள்.

பக்கத்துத் தொட்டிக்காரி சிரித்தாள். "என்னக்கா, புதுசா வந்தவ மாதிரி? மதியத் தண்ணி வேற எப்படி இருக்கும்?"

சலோமத்தின் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஆலையில் தொட்டித் தண்ணீரைக் காலையில் ஒரு தடவைதான் மாற்றுவார்கள். கூடுகளிலிருந்து பசை இறங்கி இறங்கித் தண்ணீர் தடித்துக்கொண்டே போகும். மதியத்துக்குமேல் நல்ல கூடும் அறும். இது ஆலையில் முதல் வாரம் வேலை பார்த்த பெண்ணுக்கும் தெரியும். இருபத்தாறு வருடம் கையை விட்டுத் துழாவிய தண்ணீர், சலோமத்துக்குத் தெரியாதா? தினமும் கையில் கிடப்பதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? தண்ணீர் தெரிந்தவளுக்குச் சீட்டு புரியவில்லை, சீட்டு புரிந்தவளுக்குத் தண்ணீர் தெரியவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று கிண்ணம் தேநீர் குடித்திருக்கிறார்கள்.

ஈரக்கையோடு வெளியே ஓடித் தாஷ்கந்துக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம், மணிக்கட்டத்தை நிரப்பியதைக்கூட, மறைக்காமல் சொன்னாள்.

தில்னவோஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மெஷின் எட்டும் மதியத்துக்குள்ளயா? ஒண்ணுகூட விடாம?"

"ஒண்ணுகூட விடாம."

"களம் எட்டும் சாப்பாட்டுக்கு அப்பறமா?"

"ஆமா கண்ணு. நீ கணக்குத் தெரிஞ்சவ. தண்ணியோட குத்தத்தக் கழிச்சுட்டு, கூட்டோட குத்தத்த மட்டும் தனியா எடுத்துக் குடுத்துரு. உன்னால முடியும்."

"முடியாது அக்கா. ஊறவச்ச நேரம், சக்கர வேகம், அது ரெண்டும் தப்பிச்சுது. காலைலயும் கலந்திருக்கு, மதியமும் கலந்திருக்கு. ஆனா மெஷின்னா காலை, களம்னா மதியம்னு ஆயிப்போச்சு. ரெண்டும் ஒண்ணாவே ஒட்டிக்கிச்சு. எந்தக் கணக்காலயும் பிரிக்க முடியாது."

"அறுந்தது காலைலயே ஒம்பது தடவைல ஆரம்பிச்சு பதினேழு தடவை வரைக்கும் ஏறிச்சே, அத வச்சுப் பாக்க முடியாதா?"

"மதியமும் அதே மாதிரிதான் ஏறிச்சுன்னு யார் சொல்றது? நடுவுல நீங்க சாப்பிடப் போன ஒரு மணி நேரம் தண்ணி சும்மா கிடந்து கொதிச்சிருக்கு. அதுல என்ன ஆச்சோ? நான் ஊகிக்கலாம் அக்கா. ஊகத்த வச்சு மெஷின நிறுத்துங்கன்னு எழுத முடியுமா?"

"அப்ப மறுபடி ஓட்டிருவோம். இந்தத் தடவ நீ சொன்னபடியே."

"கூடு மிச்சம் இருக்கா?"

மெஷின்கூட்டு மூட்டை அன்றே தீர்ந்திருந்தது. சோதனைக்கென்று ஒதுக்கிய களத்துக்கூடும் மற்ற மூட்டைகளோடு கலந்து பெரிய கூடத்துக்குப் போய் நூலாகியிருந்தது. சலோமத் கிடங்குக்குப் போய்க் கடைசி மூலை வரை தேடினாள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

தில்னவோஸே இயக்குநருக்குக் கடிதம் எழுதினாள், முடிவைத் திரும்பப் பெறுவதாகவே எழுதினாள். இயக்குநர் சலோமத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அடுத்த ஜூன்ல மறுபடியும் பாக்கலாம்னு வச்சுக்கோ. மெஷினோட பாதி வந்து எறங்கியாச்சு. மீதி வழில வருது. அத எங்க வைக்கறது? களத்துலதான் அடித்தளம் தோண்டறாங்க. ஜூன்ல கூடு இருக்கும், காயவைக்கக் களம் எங்க இருக்கும்?"

"என் தப்பு ஐயா. களத்து மேல தப்பில்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவரே மேலே கேட்டார்.

"நல்ல தண்ணில ஓட்டியிருந்தா களத்துக்கூடு மெஷின்கூட்ட விடக் குறைச்சலா அறுந்திருக்குமா? சத்தியமா சொல்லு, நான் இப்பவே தோண்டறத நிறுத்தறேன்."

சத்தியம் செய்ய அவள் வாய் திறந்தது. மதியத் தண்ணீரில் அத்தனை தடவை அறுந்த இழை நினைவுக்கு வந்தது. தண்ணீர் அறுத்தது எத்தனை, கூடு தானே அறுந்தது எத்தனை? அன்று அவள் விரல் எல்லாவற்றையும் தொட்டது. விரலுக்கும் தெரியவில்லை.

"தெரியாது ஐயா" என்றாள்.

"எனக்கும் தெரியாது. போ, வேலையப் பாரு."

அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. அதே தொட்டி, அதே அறை. கோபில் மட்டும் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். பிறகு அவரும் பழையபடி ஆகிவிட்டார்.

*

நவம்பரில் ரோபியா ரஷ்யாவில் இருக்கும் கஸானுக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. களத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். பிள்ளைகள் மூன்றும் சலோமத் வீட்டில் இருப்பது என்று முடிவாகியது. புறப்பட்ட அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில், தங்கை மெத்தைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது, சலோமத் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விருந்தாளி, சீட்டு, தண்ணீர், போன், இயக்குநர். ஒன்றையும் விடவில்லை.

ரோபியா கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப ஒழுங்கா ஓட்டியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போமா?"

"தெரியாதுடி."

"தோத்திருப்போமா?"

"அதுவும் தெரியாது."

"ஓட்டினவ நீ. அறுந்தது உன் கைல. உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அப்படிப் பண்ணிட்டேன்டி நான்."

ரோபியா முடிச்சை இழுத்து இறுக்கினாள். சுருட்டிய மெத்தையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு அக்கா. ஜெயிச்சிருப்போம்னு சொன்னியானா, ஒரு வருஷம் உன்னத் திட்டுவேன், சபிப்பேன், அப்பறம் ஆறிரும். எத்தன நாள் கோவப்பட முடியும், நீ வளத்தவதானே? தோத்திருப்போம்னு சொன்னியானா, சரி, எப்படியும் போகவேண்டியதுதான்னு பஸ் ஏறிருவேன். ரெண்டுல ஒண்ணச் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு சொல்லி அனுப்பு."

சலோமத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பொய்யும் நாக்கு நுனி வரை வந்தன. முதல் பொய்யைச் சொன்னால் முப்பத்தொரு பேர் வயிற்றில் அடித்தவள் அவள். இரண்டாவதைச் சொன்னால் முப்பத்தொரு பேரின் கைவேலை மட்டம் என்று ஆகும். எது இரக்கம் என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"சரி விடு" என்று ரோபியா எழுந்தாள். "சின்னவனுக்குப் பால்ல சக்கர போடாத. பல்லு வலிக்குதுங்கறான்."

பிள்ளைகளை முத்தமிட்டாள், அக்காவையும் முத்தமிட்டாள், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் போன பிறகும் சலோமத் வாசலிலேயே நின்றாள். அந்த முப்பத்தொரு பேரில் இதுவரை ஒருத்திகூட அவளைத் திட்டவில்லை. வந்து திட்டுவார்கள் என்று அவள் தினமும் எதிர்பார்த்தாள். ஆனால் திட்டுவதற்கும் முதலில், ஜெயித்திருப்போமா தோற்றிருப்போமா என்று தெரிந்திருக்க வேண்டுமே.